பட்டையைத் தொட்டது யார்?

(நெகிரி செம்பிலான் தோட்டக் கிளை ஒன்றின் பொதுக்கூட்டத்தில், கிளைச் செயலவையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

விடியுமுன் எழுந்து, பால் வெட்டி, ஸ்டோரில் பாலைக் கொட்டி, நிறுவையை முடித்து, வீட்டு வேலையையும் பார்த்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பொறுமையை நெடுநேரம் சோதிக்க மாட்டோம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் முன்னால் ஒரு தாள் வரப்போகிறது. தோட்டம் கைமாறுகிறது. இன்ன தொகையைப் பெற்றுக்கொண்டு வீட்டைக் காலி செய்கிறோம் என்பதற்கு நாம் இணங்குகிறோமா இல்லையா என்று கேட்பார்கள். நாம் கை தூக்குவோம். அந்தக் கை எப்படித் தூக்கப்படுகிறது, எதைப் பார்த்துத் தூக்கப்படுகிறது என்பதை இன்றைக்கே யோசித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு. தாளுக்குச் சரி சொல்லுங்கள் என்றோ, மறுத்துவிடுங்கள் என்றோ இப்போது சொல்ல வரவில்லை.

விளக்கும் பட்டையும்

தினமும் நடப்பதிலிருந்து தொடங்குவோம். விடியற்காலையில் தூறல் விழுகிறது. வெட்டுக்குப் போவதா, வேண்டாமா? யாரும் காகிதம் பென்சில் எடுத்துக் கணக்குப் போடுவதில்லை. கதவைத் திறக்கிறோம், அருகில் நிற்கும் மரத்தின் பட்டையில் கையை வைக்கிறோம். ஈரமாக இருந்தால் வேண்டாம். வெட்டினால் பால் கோட்டை விட்டு நாலாபுறமும் வழியும். மங்கில் மழைத்தண்ணீர் சேரும். வெட்டுப்பட்டையில் நோயும் பிடிக்கும். காய்ந்திருந்தால் வாளியை எடுக்க வேண்டியதுதான். ஒரே ஓர் அடையாளம், அதைக்கொண்டு ஒரே முடிவு. அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

பட்டையைத் தொட்டுப் பார்க்காதவர் என்ன செய்கிறார்? அடுத்த வீட்டைப் பார்க்கிறார். அங்கே விளக்கு எரிந்தால் தாமும் விளக்கைப் போடுகிறார். மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டால் தாமும் கிளம்புகிறார். இதிலும் தவறில்லை. அடுத்த வீட்டுக்காரர் தொட்டுப் பார்த்துத்தானே கிளம்பியிருப்பார்!

ஆனால் ஒரு நாள் இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் விளக்கு எரிந்தது குழந்தைக்குக் காய்ச்சல் என்பதற்காக. இரண்டாம் வீடு அதைப் பார்த்து விளக்கைப் போட்டது. மூன்றாம் வீடு இரண்டாம் வீட்டைப் பார்த்தது. கடைசி வீட்டுக்காரர், "இத்தனை வீட்டில் விளக்கு எரிகிறதே, இனி சந்தேகமே இல்லை" என்று கிளம்பினார். லயம் முழுக்க வெளிச்சம். ஆனால் பட்டையைத் தொட்டது யார்? ஒருவருமில்லை.

இன்று நாம் சொல்ல வந்தது இந்த ஒரு கேள்விதான். மற்றவையெல்லாம் இதற்கு விளக்கம்.

குறுக்குவழி குற்றமல்ல

"படிக்காதவர்கள்தான் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்வார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் 1950களிலேயே இதை எழுதினார். மனிதனுக்கு நேரமும் குறைவு, தகவலும் குறைவு. ஆகவே அவன் எல்லாவற்றிலும் சிறந்ததைத் தேடிக்கொண்டே இருப்பதில்லை, போதும் என்று பட்டது கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறான் என்றார். 1978இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. முதலாளியும் அப்படித்தான், மந்திரியும் அப்படித்தான், நாமும் அப்படித்தான். டானியல் கானமன், ஏமஸ் டிவர்ஸ்கி என்ற இருவர் 1974இல் இந்தக் குறுக்குவழிகள் எங்கே காலை வாருகின்றன என்று காட்டினார்கள். கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மானியர், அவை எங்கே நீண்ட கணக்கையும் மிஞ்சுகின்றன என்று காட்டினார். இரண்டும் உண்மை. நம் ஈரப்பட்டைக் கணக்கு இரண்டாவது வகை.

தனி மனிதனுக்கு உள்ளதுபோலவே கூட்டத்துக்கும் குறுக்குவழிகள் உண்டு. தோட்டக் கூட்டங்களில் நாம் பார்த்தவை நான்கு. சொல்கிறவர் நம் ஆளா? சொன்னவர் எப்படிப்பட்டவர்? எத்தனை பேர் கை தூக்கினார்கள்? போன முறை என்ன ஆயிற்று? ஒவ்வொன்றும் நமக்கு நன்மை செய்ததும் உண்டு, நம்மைக் கவிழ்த்ததும் உண்டு.

நம் ஆளா?

நம் பாட்டன் பூட்டன்மார் இந்த நாட்டுக்கு வந்ததே இந்தக் கேள்வியால்தான். கங்காணி தம் சொந்த ஊருக்கே திரும்பிப் போய் ஆள் சேர்த்தார். "நம் ஊர்க்காரர், நம் உறவுக்காரர், நேற்றுவரை நம்மோடு இருந்தவர். அவர் போய் நன்றாக இருக்கிறார். நம்மை ஏமாற்றுவாரா?" என்று எண்ணிக் கப்பல் ஏறினார்கள். கடிதம் படிக்கத் தெரியாத, மலாயா எந்தத் திசையில் இருக்கிறது என்றும் அறியாத மக்கள் வேறு யாரைக் கேட்டிருக்க முடியும்? அது மூடத்தனமல்ல, கையில் இருந்த ஒரே அளவுகோல்.

ஆனால் அந்த அளவுகோலில் ஒரு குறை இருந்தது. கொண்டுவந்த ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தரகு உண்டு. வேலைக்கு வந்து நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசும் உண்டு. ஊர்க்காரர் என்பது உண்மை. கூலி வாங்கிக்கொண்டு பேசுகிறவர் என்பதும் உண்மை. முதல் உண்மையைப் பார்த்த கண் இரண்டாவதைப் பார்க்கவில்லை. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியபோதுதான் அந்த முறை முடிவுக்கு வந்தது.

ஆகவே "நம் ஆளா?" என்று கேளுங்கள், தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்தாமல், "இதில் அவருக்கு என்ன கிடைக்கிறது?" என்றும் கேளுங்கள். இந்தக் கேள்வி தண்டலுக்கும் பொருந்தும், கிராணிக்கும் பொருந்தும், சங்கத்துக்காரர்களாகிய எங்களுக்கும் பொருந்தும்.

கிராணி சொன்னால் சரியா?

இப்போது ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு தோட்டத்தில் நாங்கள் மூன்று கிராணிகள் வேலை பார்த்தோம். அந்தத் தோட்டமும் கைமாறியது. நிர்வாகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. மலாய் மொழியில் நான்கு பக்கம். "நல்லெண்ணத் தொகை கொடுக்கிறார்கள், கையெழுத்து வாங்குங்கள்" என்றார்கள். முதலில் நாங்கள் கையெழுத்திட்டோம். பிறகு தண்டல்மார். பிறகு பெரட்டுக் களத்தில் மேசை போட்டு, வரிசையாக எல்லாரும்.

வரிசையில் ஓர் அம்மா வந்தார். 22 ஆண்டு அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "கிராணியாரே, நீங்க படிச்சிட்டீங்கதானே?" என்று கேட்டார். நாங்கள் தலையை அசைத்தோம். அவர் கையெழுத்திட்டார்.

தோழர்களே, நாங்கள் படிக்கவில்லை. பெரிய கிராணி படித்திருப்பார் என்று இளையவர்கள் இருவரும் நினைத்தோம். இளையவர்கள் மலாய் நன்கு தெரிந்தவர்கள், அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று பெரியவர் நினைத்தார். அலுவலகம் பார்த்துவிட்டது என்று தண்டல் நம்பினார். தண்டலே போட்டுவிட்டார் என்று மற்றவர்கள் போட்டார்கள். தாளில் 64 கையெழுத்து. படித்த கண்கள் எத்தனை? ஒன்றுமில்லை.

படித்தது யார் தெரியுமா? அந்த அம்மாளின் பேத்தி, இடைநிலைப் பள்ளி மாணவி. மறுநாள் மாலை, நகல் தாளை வைத்துக்கொண்டு, "பாட்டி, மூன்றாம் பக்கத்தில் 30 நாளில் வீட்டை விடணும்னு இருக்கே" என்றாள். அது மட்டுமல்ல. தொகையைக் கணக்கிட்டது, அதற்கு முந்திய நிறுவனம் தோட்டத்தை வாங்கிய நாளிலிருந்து. 22 ஆண்டு உழைப்பு 6 ஆண்டாகச் சுருங்கியிருந்தது.

இங்கே சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். எல்லாரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1980ஆம் ஆண்டின் பணிநீக்கப் பலன் விதிகளின்படி, ஓராண்டாவது வேலை செய்தவருக்கு, சேவை 2 ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள். தோட்டம் கைமாறி, புதிய முதலாளியிடம் அதே வேலை தொடர்ந்தால் பழைய சேவையும் சேர்த்தே எண்ணப்பட வேண்டும். அந்த அம்மாளுக்கு 22 தரம் 20, அதாவது 440 நாள் சம்பளம் உரியது. தாளில் இருந்தது 120 நாள். அதற்குத்தான் நல்லெண்ணத் தொகை என்று பெயர்! சட்டம் கொடு என்று சொன்னதில் நான்கில் ஒரு பங்கு சொச்சம் கொடுத்துவிட்டு, அதற்கு நல்லெண்ணம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சங்கத்தின் மூலம் தொழிலாளர் இலாகாவுக்குப் போனோம். பணத்தில் ஒரு பகுதி மீண்டது. வீடு மீளவில்லை. அந்த அம்மா எங்களை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கிராணி சொன்னால் சரியாக இருக்கும் என்று தொழிலாளர் நினைப்பது நல்ல குறுக்குவழிதான். எழுத்து வேலை கிராணியின் வேலை. ஆனால் கிராணி பட்டையைத் தொட்டிருக்க வேண்டும். தொடாத கிராணியின் தலையசைப்பு, காய்ச்சல்காரக் குழந்தையின் வீட்டு விளக்கு மாதிரி.

எத்தனை பேர் கை தூக்கினார்கள்?

நாலு பேர் போகிற வழியில் போ என்பார்கள். ஒன்றாக நிற்பதுதான் சங்கத்தின் பலம். 1954இல் பல தொழிலாளர் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஆனபோது, ஒவ்வொரு தொழிலாளியும் அமைப்பு விதிகளைப் படித்துவிட்டுச் சேரவில்லை. "அந்தத் தோட்டம் சேர்ந்துவிட்டது, நாமும் சேருவோம்" என்றுதான் பலர் சேர்ந்தனர். அதனால் நன்மை விளைந்தது.

இதே வழி நம்மை இன்னோர் இடத்துக்கும் கொண்டுபோயிருக்கிறது. 1957இல் சுதந்திரம் வந்தது. இங்கே நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் குடியுரிமைக்கு மனுச் செய்ய வழி திறந்தது. தொடக்கத்தில் ஓராண்டுக் காலம் பலருக்கு மொழித் தேர்விலிருந்துகூட விலக்குக் கிடைத்தது. தலைவர்கள் தோட்டம் தோட்டமாக வந்து சொன்னார்கள். பலர் எடுத்தார்கள், பலர் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று நம் பெரியவர்களைக் கேட்டால், ஒரே மாதிரிப் பதில் வரும்: "எங்க லயத்துல யாரும் எடுக்கல, நாங்களும் எடுக்கல." என்றைக்காவது ஊருக்குத் திரும்புவோம் என்று ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்திருந்த காலம் அது. சிவப்பு அடையாளக் கார்டு இருந்தால் போதாதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துத் திருப்தி அடைந்தார்கள்.

1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவருக்கு வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை வந்தது. அப்போதுதான் லயம் முழுவதும் விழித்துக்கொண்டது. பல்லாயிரம் பேர் பிறந்த பிள்ளைகளையும் வெட்டிய மரங்களையும் விட்டுக் கப்பல் ஏறினார்கள். சட்டம் கொடியது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனுத்தாள் கொடுக்கப்பட்ட அந்த ஆண்டுகளில், ஒவ்வொரு லயத்திலும் ஒருவராவது இலாகாவுக்குப் போய் விசாரித்து வந்து உரக்கச் சொல்லியிருந்தால், அந்தச் சட்டத்தின் வாயில் அத்தனை பேர் விழுந்திருப்பார்களா? சிந்தித்துப் பாருங்கள்.

ஒருவர் உரக்கச் சொல்வதற்கு அவ்வளவு பலமா என்று கேட்கலாம். சாலமன் ஆஷ் என்பவர் 1950களில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது இதற்குச் சமம் என்று கேட்டார். சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார்கள். அந்த ஒருவர் என்ன செய்தார்? மூன்றில் ஒரு தடவைக்கும் சற்று அதிகமாகவே, தம் கண் கண்டதை விட்டுவிட்டுக் கூட்டம் சொன்னதைச் சொன்னார். பிறகு ஏற்பாட்டில் ஒரு மாற்றம்: கூட்டத்தில் ஒரே ஓர் ஆளைச் சரியான பதிலைச் சொல்லச் செய்தார். உடனே, தப்புக்கு உடன்படுவது ஏறக்குறைய இருபதில் ஒரு தடவையாக இறங்கிவிட்டது. ஒரே ஒரு குரல், தோழர்களே!

நம் கூட்டத்தில் அப்படி ஒருவர் எழுந்து, "இருங்கள், எனக்கு விளங்கவில்லை" என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "உட்காரய்யா, கூட்டத்தைக் கெடுக்காதே" என்கிறோம். கெடுப்பது அவரா, நாமா?

போன முறை என்ன ஆயிற்று?

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வீடும் வேலையும் பள்ளிக்கூடமும் ஒன்றாய்ப் போயின. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து 1962இல் வெளியிட்டார். அந்த நெருக்கடியில்தான், 1960இல், வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோட்டத் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தனர். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

பிறகு 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தோன்றியது. "போன முறை கொடுத்தோம், தோட்டம் வந்தது. இந்த முறையும் நம் தலைவர்கள்தானே கேட்கிறார்கள்" என்று தோட்டத்து மக்கள் நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பங்கு எடுத்தார்கள். ஏறக்குறைய 66,000 பங்குதாரர்கள், 10 கோடி வெள்ளிக்கு மேல் மூலதனம். எதிர்பார்த்த இலாபம் வரவில்லை. 2010இல்தான், ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு என்ற விலையில் வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனம் முன்வந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டு காத்திருந்து, போட்டதும் முழுதாக வரவில்லை.

இரண்டு முறையும் மக்கள் அதே மக்கள். குறுக்குவழியும் அதே குறுக்குவழி. ஏன் ஒன்று பலித்தது, ஒன்று பலிக்கவில்லை? தலைவர்களைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். அதற்குள் நாம் போகவில்லை. நமக்குத் தோன்றுவது இதுதான். ரப்பர் தோட்டம் எப்படிப்பட்டது என்று பால் வெட்டுகிறவருக்குத் தெரியும். மரத்தின் சுற்றளவைப் பார்த்தும், பட்டையைப் பார்த்தும், இன்னும் எத்தனை ஆண்டு பால் தரும் என்று துரையைவிட நன்றாக அவர் சொல்வார். அது அவர் கைக்கு எட்டிய பொருள். ஆனால் பங்குப் பத்திரம், வியாபாரம், கம்பெனிக் கணக்கு ஆகியவை அவர் கை தொட முடியாத பட்டை. அங்கே அவர் பார்த்ததெல்லாம் அடுத்த வீட்டு விளக்குத்தான்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். மைக்காவுக்குப் பிறகு, கூட்டுறவு என்றாலே ஓடுகிறவர்கள் நம்மில் உண்டு. அதுவும் அதே குறுக்குவழிதான், திசை மட்டும் வேறு. போன முறை நடந்ததைவிட, இந்த முறை நம் கையில் என்ன தெரிகிறது என்பதே முக்கியம்.

தேனீயும் குடவோலையும்

ரப்பர் மரக் கிளையில் தேனீக் கூட்டம் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய கூட்டை விட்டு வந்து, புதிய வீடு தேடும் நேரம் அது. நம் நிலைமைதான்! மார்ட்டின் லிண்டாவர் என்ற ஜெர்மானியர் 1950களில் இதை ஆராயத் தொடங்கினார். பிறகு தாமஸ் சீலி என்ற அமெரிக்கர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பத்தாயிரம் தேனீ இருக்கும் கூட்டத்தில் சில நூறு தேனீக்கள் மட்டும் பொந்து தேடிப் போகின்றன. திரும்பி வந்த தேனீ, தான் பார்த்த இடத்தை நடனமாடிக் காட்டுகிறது. இடம் நல்லதானால் ஆட்டம் நீளும், சுமாரானால் குறையும். அதைப் பார்த்த இன்னொரு தேனீ உடனே தானும் ஆடிவிடுகிறதா? இல்லை. அந்த இடத்துக்குப் பறந்து போகிறது. பொந்துக்குள் நுழைந்து அளந்து பார்க்கிறது. பிறகுதான் திரும்பி வந்து ஆடுகிறது. ஒரே பொந்தில் இருபது முப்பது தேனீ சேர்ந்து தென்பட்டால், முடிவு ஆகிவிட்டது என்று கூட்டம் கிளம்புகிறது.

கவனியுங்கள். பத்தாயிரமும் போய்ப் பார்ப்பதில்லை, அதற்கு நேரமில்லை. இருபது முப்பது போதும் என்பது குறுக்குவழிதான். ஆனால் அந்த ஒவ்வொன்றும் பட்டையைத் தொட்டது. போய்ப் பார்க்காமல் எந்தத் தேனீயும் ஆடுவதில்லை. அன்று நாங்கள் மூன்று கிராணிகளும் பார்க்காமலே ஆடினோம்.

நம் முன்னோருக்கும் இது தெரிந்திருந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரமறியாத சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் வரக்கூடாது. ஆளின் குணத்தை அளக்க ஆயிரம் கேள்வி கேட்காமல், கணக்குக் காட்டினாரா என்ற ஒரே கேள்வியில் அடக்கிவிட்டார்கள். ஒன்றையும் மறைக்க வேண்டாம். அது பிராமணர்களின் சபை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் கேட்டார்கள். நம் பாட்டன்மார் பெயர் அந்த ஓலையில் ஏறியிருக்காது. ஆனாலும் விதி நல்ல விதி. நல்ல விதியை எடுத்துக்கொள்ள நாம் யாரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு

இனி, செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். செயலவை உங்கள் முன் ஐந்து யோசனைகளை வைக்கிறது.

முதலாவது: எந்த முடிவுக்கும் முன், "தவறினால் திரும்பி வரலாமா?" என்று கேட்போம். மழை நாளில் தவறாகக் கிளம்பினால் ஒரு நாள் சம்பளம் போகும், மறுநாள் சரிசெய்யலாம். அதற்குக் குறுக்குவழி போதும். கையெழுத்துப் போட்ட பின் வீடு திரும்பாது. அங்கே நெடுவழிதான் வழி.

இரண்டாவது: தாளைக் குறைந்தது ஐந்து பேர், தனித்தனியே படிக்கட்டும். ஒரு கிராணி, ஒரு தண்டல், பால் வெட்டும் பெண் ஒருவர், பால் வெட்டும் ஆண் ஒருவர், மலாய் நன்கு படிக்கும் நம் பிள்ளைகளில் ஒருவர். கூட்டத்துக்கு முன் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டாம். எழுந்து நின்று, தாம் எதைப் படித்தோம் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். படிக்காதவர் சொல்ல வேண்டாம். அயல்நாட்டுத் தோழர்களுக்கும் அவர்கள் மொழியில் யாராவது சொல்லட்டும். அவர்களும் இதே மரத்தைத்தான் வெட்டுகிறார்கள்.

மூன்றாவது: முதலில் சீட்டு, பிறகு பேச்சு, பிறகு கை. ஒவ்வொருவரும் தம் மனத்தில் உள்ளதைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்ட பிறகே விவாதம். எழுதத் தெரியாதவர் கோடோ வட்டமோ போடட்டும். கிளைத் தலைவரும் கிராணிகளும் கடைசியில் பேசுவோம். நாங்கள் முதலில் பேசினால், உங்களில் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டீர்கள். அது எங்களுக்கே தெரியும்.

நான்காவது: மறுத்துப் பேசுவதற்கென்றே ஒருவரை நியமிப்போம். கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிராக அவர் கேள்வி கேட்கட்டும். அது அவருக்குச் சங்கம் கொடுத்த வேலை. ஆகவே யாரும் அவரை உட்காரச் சொல்லக் கூடாது. கூட்டம் முடிந்த பின் பகை பாராட்டவும் கூடாது.

ஐந்தாவது: முடிவு எதுவானாலும், ஆறு மாதத்தில் செயலவை இதே இடத்தில் கணக்குக் காட்டும். காட்டாவிட்டால், உத்திரமேரூர் விதிப்படி எங்களை மறுபடி தேர்ந்தெடுக்காதீர்கள்.

தோழர்களே! சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகிற வழியிலும், நீலாய்ப் பக்கத்திலும், முன்பு ரப்பர் நின்ற இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகளைப் பார்க்கிறீர்கள். அங்கே நம்மைப் போல் ஒரு கூட்டம் ஒரு காலத்தில் உட்கார்ந்து கை தூக்கியிருக்கும். சிலர் வீட்டோடு வெளியே வந்தார்கள். சிலர் மூட்டையோடு வெளியே வந்தார்கள்.

நம் முறை வருகிறது. அந்த அம்மா கேட்ட கேள்வியை இந்த முறை நீங்கள் ஒவ்வொருவரும் எங்களைக் கேளுங்கள். "கிராணியாரே, படிச்சிட்டீங்களா?" என்று கேளுங்கள். நாங்கள் தலையை அசைத்தால் நம்பாதீர்கள். "மூன்றாம் பக்கத்தில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் மட்டும் பேனாவை எடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு, இதே கோயில் மண்டபத்தில். தாளின் நகல்கள் நாளைக் காலை பெரட்டுக் களத்திலேயே கொடுக்கப்படும். வாங்கிப் போய், வீட்டில் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.